நான்கு வூட்டு வண்டிகளும் ஒரு சர்டிபிகேட்டும்

நீராவி எஞ்சினில் வேலை செய்கிறவனுக்கு முன்பக்கம் வேகும், முதுகுக்கு மட்டும் காற்று வரும்; எங்கள் எஞ்சினுக்குச் சுற்றிலும் தகரம் அடைத்திருந்ததால் எங்களுக்கு இரண்டு பக்கமும் வெந்தது. ரைஸ் மில்லிலோ ரயிலிலோ பாய்லர் முன்னால் நின்று காலம் தள்ளியவர்கள் இதைப் படித்தால், புருவம் கருகிய மனிதர்கள் உத்திரமேரூர்ப் பக்கத்திலும் இருந்தார்கள் என்று ஆறுதல் அடையலாம்.

நான் சொல்வது ஐம்பதுகளின் நடுவிலிருந்து அறுபதுகளின் தொடக்கம் வரை. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரி. அங்கிருந்து பாலாற்றின் தென்கரை வரை ஆறு மைலுக்குக் குறுகலான தண்டவாளம். கரையில் கல்லை இறக்கிவிடுவோம். மாட்டு வண்டிகள் அதை மணலில் இழுத்து ஆற்றைக் கடந்து, பழையசீவரம் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகும். எங்கள் தண்டவாளத்தில் ஓடியவை நான்கு டிராம் எஞ்சின்கள். நான்கும் ஒரே அச்சில் செய்தவை. நான் அவற்றில் ஃபயர்மேன், அதாவது கரி அள்ளிப் போடுகிறவன். டிரைவர் ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்கு பாய்லர் சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட்டுக்கு அதிகாரிகள் முன்னால் நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். எனக்கோ ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நான்கு பேர் எதிரில் நின்றால் குரல் எழும்பாது. எண்ணுவது மட்டும் நன்றாக வரும்.

சக்கரம் எங்கே?

இந்த எஞ்சின்கள் கல் இழுக்கப் பிறந்தவை அல்ல. ஏதோ வெளிநாட்டில் தெருவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதற்காகச் செய்தவை. தெருவில் போகும் குதிரைகள் மிரளக் கூடாது என்று அங்கே உத்தரவாம். ஆகவே சக்கரம் தெரியாதபடி தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தகரம் இறக்கியிருந்தார்கள். ஆவி வெளியே தெரியாதபடி, கூரை மேல் மெல்லிய செப்புக் குழாய்களை அடுக்கி அதைத் திரும்பத் தண்ணீராக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தொண்ணூற்றாறு குழாய்கள். இரண்டாம் நம்பருக்கு மட்டும் எண்பத்தெட்டு. மீதி எட்டும் எங்களிடம் வருவதற்கு முன்பே யார் வீட்டு அண்டாவாகவோ ஆகியிருக்க வேண்டும். இவை ஒரு துறைமுக ஊரில் ஓடி, அங்கே மின்சாரம் வந்ததும் விலைபோய், எங்கள் காண்ட்ராக்டர் கைக்கு வந்தன என்று டிரைவர் தேசிங்கு அண்ணன் சொல்வார். அவர் அந்த ஊரிலிருந்து எஞ்சின்களோடு கூடவே வந்தவர். இந்த அச்சில் மொத்தம் எத்தனை செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதப்போவதில்லை.

எங்கள் பக்கம் குதிரை ஏது? எருமைகள்தான். அவை மிரளவே இல்லை. வண்டி நின்றால் போதும், சூடான தகரத்தில் வந்து முதுகைத் தேய்த்துக்கொள்ளும். மனிதர்கள்தான் திகைத்தார்கள். நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், சாலவாக்கத்துப் பெரியவர் ஒருவர் ஏர் மாடுகளை நிறுத்திவிட்டு, நாங்கள் முழுவதும் கடந்து போகும் வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கத்திக் கேட்டார்: "இன்னா நைனா இது, மாட்டையும் காணோம், சக்கரத்தையும் காணோம், வூடு மட்டும் தானா போய்கினு கீது?"

அன்றிலிருந்து ஆறு மைலுக்கும் அதற்கு வூட்டு வண்டி என்றே பெயர்.

தட்டினால் நிறுத்து

இந்த வகை எஞ்சினுக்கு முன் பின் கிடையாது. தெருவில் திருப்ப இடம் இருக்காது என்பதால் இரண்டு முனையிலும் நின்று ஓட்டும்படி செய்திருந்தார்கள். போகும்போது டிரைவர் ஒரு முனையில், வரும்போது மறு முனையில். ஃபயர்மேனுக்கு அந்தச் சலுகை இல்லை. உலைக்கதவு ஒன்றுதான், அவன் இடமும் ஒன்றுதான். ஆகவே திரும்பும் வழியில் தேசிங்கு அண்ணன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் கொதிக்கும் பாய்லர். கத்தினாலும் கேட்காது. ஸ்பேனரால் தகரத்தில் தட்டிப் பேசிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் பிரேக் போடு, இரண்டு என்றால் தண்ணீர் விடு, மூன்று என்றால் கரி போடு.

ஒரு வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே இடத்தில் வண்டி நின்றது. ஒரு தட்டு கேட்கும், நான் பிரேக்கைச் சுற்றுவேன். தேசிங்கு அண்ணன் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து, "ஏன்டா நிறுத்தின?" என்பார். "நீங்கதான தட்டினீங்க" என்பேன். "நான் எங்கடா தட்டினேன், பீடியில்ல பத்த வெச்சிகினு இருந்தேன்" என்பார். நிறுத்துவதற்கு ஐந்து தட்டு என்று பிறகு மாற்றிக்கொண்டோம். ஐந்தும் தட்டி முடிப்பதற்குள் வண்டி முப்பது கஜம் தாண்டிவிடும் என்பது வேறு கதை. ஆனால் மாற்றுவதற்கு முன், அந்த மூன்றாம் நாள்தான் எதிரே இருந்த கொல்லுப்பட்டறையிலிருந்து சம்மட்டியைக் கையில் பிடித்தபடியே கொல்லர் வெளியே வந்தார். பழுத்த இரும்பை ஒரு அடி அடித்துவிட்டு, திருப்பிப் போட்டு, அடுத்த அடிக்கு நேரம் எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெனமும் வாசல்ல வந்து வந்து நின்னுகினு கீறீங்களே, அருவா எதுனா சாணை புடிக்கணும்னா வாயத் தொறந்து கேளுங்களேன்பா!"

ஒன்றா, இரண்டா?

இரண்டாம் நம்பரின் பாய்லர் தகடு மெலிந்துபோய், ஆவி ஏற்றக் கூடாது என்று உத்தரவானது. அதே சமயம் ஒன்றாம் நம்பரின் சக்கர அச்சு முறிந்தது. தேசிங்கு அண்ணன், ஒன்றின் பாய்லரைத் தூக்கி இரண்டின் சட்டத்தில் உட்கார வைத்தார். ஒரே அச்சில் செய்தவை என்பதால் எல்லா ஆணியும் அதனதன் துளையில் போய் உட்கார்ந்தது. எழுபத்திரண்டு ஆணிகள், நான் எண்ணிக் கொடுத்தவை. வேலை முடிந்ததும் சண்டை வந்தது. பாய்லர்தான் உயிர், ஆகவே இது ஒன்று என்றார் காண்ட்ராக்டர். சக்கரம்தான் ஓடுகிறது, ஆகவே இது இரண்டு என்றார் தேசிங்கு அண்ணன். எந்த எஞ்சின் ஓடியது என்று தினமும் குறித்து வைக்கும் என் நோட்டில் எதை எழுதுவது என்று தெரியாமல் நான் இரண்டு நாள் எழுதவே இல்லை. ஆற்றங்கரைக் கிடங்கில் ஜல்லி உடைக்கும் குப்பம்மா அக்கா சுத்தியலைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "ஒரு புள்ளைக்கு ரெண்டு பேரு இருந்தா இன்னா? கூப்ட்டா வருதா, அத்தப் பாருங்க!"

பட்டணத்தில் பதினோரு நிமிடம்

முதல் தடவை சர்டிபிகேட்டுக்காக மதராஸ் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். என்னைப் போல வாயில்லாதவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கண்ணாடி போட்ட மூன்று முகங்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்டவை ஆறு கேள்விகள். ஆறுக்கும் எனக்குப் பதில் தெரியும். பெயருக்கும் ஊருக்கும் மட்டும்தான் குரல் வந்தது. அவை அந்த ஆறில் சேர்த்தி இல்லை. "சேஃப்டி வால்வு எதற்கு?" என்று நடுவில் இருந்தவர் பொறுமையாக மூன்று முறை கேட்டார். பதினோராவது நிமிடம் என் காகிதத்தை ஓரமாக வைத்தார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பியூன் ஒருவர் தண்ணீர் கொடுத்து, "இப்ப எங்கிட்ட சொல்லு, வால்வு எதுக்கு?" என்றார். அளவுக்கு மேல் ஆவி சேர்ந்தால் தானே திறந்து விடும், அதைக் கட்டிப்போடுவதோ மேலே பாரம் வைப்பதோ குற்றம், எங்கள் எஞ்சினில் அது நூற்றிருபது பவுண்டில் திறக்கும் என்று நிறுத்தாமல் சொன்னேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னார்: "இத்த உள்ள சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு? அவுரும் என்ன மாதிரி மனுசன்தான், சட்டதான் வேற!"

ஏரிக்குள் மூன்றாம் நம்பர்

எங்கள் தண்டவாளம் ஒன்றரை மைல் ஏரிக்கரை மேலேயே போகும். ஐப்பசியில் நான்கு நாள் மழை பெய்து கரை ஊறிக் கிடந்தது. ஐந்தாம் நாள் திரும்பும் வழியில் மூன்றாம் நம்பரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தோம். ஒரு பக்கம் மண் இளகுவது காலுக்கே தெரிந்தது. நான் ஐந்து தட்டும் தட்டி, பிரேக்கைச் சுற்றினேன். வண்டி நின்றது, நின்றபின் சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் கரைப்பக்கம் குதித்தோம். மூன்றாம் நம்பர் அவசரமே இல்லாமல் சரிந்து, தண்ணீருக்குள் இறங்கி, உஸ் என்று பெருமூச்சு விட்டு, ஜன்னல் வரை மூழ்கி உட்கார்ந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. அதைக் கோடையில்தான் வெளியே இழுக்க முடிந்தது. அதன் பிறகு அது ஓடவில்லை.

மதகைப் பார்க்க வந்த விவசாயி ஒருவர் குடையைப் பிடித்தபடி வெகு நேரம் நின்று பார்த்தார். திட்டுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஏரிப் பொறம்போக்குல வூடு கட்றவனப் பாத்துக்கீறேன். கட்ன வூட்ட இஸ்த்துகினு வந்து உள்ள எறக்கறவன இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

காண்ட்ராக்டர் வைத்த கெடு

இரண்டு பெயர் கொண்ட எஞ்சினும் அடுத்த வருடம் ஓய்ந்துபோனது. மிச்சம் நாலாம் நம்பர் ஒன்றுதான். அந்த நேரத்தில் தேசிங்கு அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. சர்டிபிகேட் அவர் பெயரில் இருந்ததால் எஞ்சினில் அவர் உட்கார்ந்திருப்பார். பார்ப்பதெல்லாம் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இது எத்தனை நாளைக்கு நடக்கும்?

காண்ட்ராக்டர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் ஒரு லாரி வாங்கி ஷெட்டுக்கு எதிரில் நிறுத்தியிருந்தார். அதைத் துடைக்கும்போதெல்லாம் எங்கள் பக்கம் பார்ப்பார். ஷெட்டில் ஒன்பது பேர், தண்டவாளம் பார்க்கிறவர்கள் பதினான்கு பேர். இருபத்து மூன்று வீட்டில் உலை எரிவது நாலாம் நம்பரின் உலையைப் பொறுத்தது. எல்லோரையும் கூட்டி வைத்து என்னைக் காட்டிச் சொன்னார்: "தீபாவளிக்குள்ள இவன் சர்டிபிகேட் வாங்கணும். இல்லன்னா தண்டவாளத்தப் பேத்துட்டு லாரி ஓட்டுவேன். அதுக்காச்சும் வாயத் தொறப்பானான்னு கேளுங்க!"

ஐம்பத்திரண்டு பதில்கள்

பரீட்சையில் என்னென்ன கேட்கக்கூடும் என்று யோசித்து ஐம்பத்திரண்டு பதில்கள் எழுதினேன். எழுதி என்ன பயன், சொல்ல வேண்டுமே. கிடங்கில் கல் இறக்கும் முக்கால் மணி நேரத்தில், ஜல்லி உடைக்கும் பெண்களுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்வது என்று முடிவு செய்தேன். முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாளும் சிரித்தார்கள். எட்டாம் நாள் சிரிக்க அவர்களுக்கே அலுத்துவிட்டது. குப்பம்மா அக்காவுக்கு எழுத்துத் தெரியாது; ஆனால் கேட்டுக் கேட்டுக் கேள்விகள் அத்தனையும் மனப்பாடம். "டேய் எத்திராசு, தண்ணி கம்மியா போச்சின்னா இன்னாடா பண்ணுவ?" என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டுக் கேட்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைந்துவிட்டால் புதுத் தண்ணீர் விடக் கூடாது, முதலில் நெருப்பை வெளியே இழுத்துப் போட வேண்டும்" என்று ஒப்பிப்பேன். சுத்தியலை நிறுத்திவிட்டு அவர் தலையில் அடித்துக்கொள்வார்: "நீ கையக் கட்டிகினு இத்தச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாய்லரு வெடிச்சி அக்கரையில வியுந்துடும்டா!"

பூசை முடிந்த மூன்றாம் நாள்

பாய்லரைப் பார்வையிடவும், அங்கேயே என்னைப் பரீட்சை செய்யவும் இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. ஆயுத பூசைக்கு மூன்றாம் நாள். பூசை அன்று பாய்லரைக் காலி செய்து கழுவினோம். எஞ்சினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. எங்கள் ஷெட்டு வழக்கம், எஞ்சினுக்கு எத்தனை கண்ணோ அத்தனைக்கும் பொட்டு. விளக்கு இரண்டு, ஆவி அளவு காட்டும் முள் ஒன்று, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்று, இப்படிப் பதினேழு இடம். சாயங்காலம் பாய்லரில் தண்ணீர் நிரப்பினோம். வழக்கமாகப் பம்பு அடிப்பதை எண்ணுவேன். அன்று பொரியும் சுண்டலும் கையில் இருந்ததால் எண்ணவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். பாதி இருந்தது. போதும் என்றேன்.

மூன்றாம் நாள் காலை நெருப்பு மூட்டினேன். ஒன்பது மணிக்கு முள் நூறைத் தொட்டது. ஆற்றைக் கடந்து வந்து இன்ஸ்பெக்டர் தென்கரையில் காத்திருப்பார். நாங்கள் போய் அழைத்து வர வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் கோத்த பத்து டப்பா வண்டிகளில் கல் ஏற்றி ஆகிவிட்டது. தேசிங்கு அண்ணன், "தண்ணி எவ்ளோடா?" என்றார். "பாதி" என்றேன். சொன்ன பிறகு மனது உறுத்தியது. தண்ணீர் சுட்டால் பொங்கும். நெருப்பு மூட்டியதிலிருந்து நூறு பவுண்டு ஏறுவதற்குள் கண்ணாடியில் ஒரு விரல் உயர வேண்டும்; தினமும் உயரும், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அன்று மயிரிழை கூட நகரவில்லை. கண்ணாடி உதவாதபோது பார்ப்பதற்கென்று பாய்லரில் மூன்று சின்னக் குழாய்கள் உண்டு. கீழ்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை, வெறும் ஆவி வந்தது.

கண்ணாடிக் குழாயைச் சுற்றியிருந்த காப்புக் கண்ணாடியில் நகத்தை வைத்துச் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. நான் வைத்த பொட்டு வழிந்து, கீழ்ப்பாதியை மூடிக் காய்ந்து, அதன் மேல் விளிம்பு தண்ணீர் மட்டம் போலவே நேராக நின்றிருந்தது.

கொக்கியை எடுத்து நெருப்பை இழுத்துக் கீழே தள்ள ஆரம்பித்தேன். காண்ட்ராக்டர் ஓடி வந்தார். "ஆபீசரு வெயில்ல நிக்கிறாருடா! நெருப்ப ஏன்டா கொட்ற? ரெண்டு நிமிசம் தண்ணி வுட்டுட்டு வண்டிய எடு!" என்று கத்தினார். "எடுக்க மாட்டேன்" என்றேன். அவரிடம் நான் முழு வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை. "அப்ப உன் வேல போச்சு, இவங்க வேலயும் போச்சு" என்றார். மற்ற இருபத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கடைசிக் கரி வரை இழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் மாட்டு வண்டியில் ஆறு மைல் குலுங்கி, பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் புழுதி, முகமெல்லாம் கோபம். "நெருப்பை யார் எடுத்தது?" என்றார். தேசிங்கு அண்ணன் என் காதில், "பம்பு ரிப்பேருன்னு சொல்லிடுடா" என்று கிசுகிசுத்தார். நான் கையைக் கட்டவில்லை. "நான்தான் எடுத்தேன் சார். கண்ணாடியில தண்ணி தெரியல. அதுல சந்தனம் வெச்சதும் நான்தான். அன்னிக்குப் பம்பு அடிச்சத எண்ணாம வுட்டதும் நான்தான்" என்றேன். குரல் கிடங்கு வரை கேட்டிருக்கும்.

இன்ஸ்பெக்டர் பாய்லர் ஆறும் வரை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்தபின் மேல் மூடியைத் திறக்கச் சொல்லி, குச்சியை விட்டு அளந்தார். உலைக்கு மேலே உள்ள தகட்டின் மேல் ஒன்றரை விரல் தண்ணீர்தான் இருந்தது. திரும்பும் வழியில் ஏரிக்கரை இறக்கத்தில் அது ஒரு பக்கமாக ஓடியிருக்கும், தகடு காய்ந்து சிவந்திருக்கும். அந்த வண்டியில் அவரும் இருந்திருப்பார். குச்சியைக் காண்ட்ராக்டரிடம் காட்டினார். காண்ட்ராக்டர் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். லாரிப் பேச்சு அன்று எழவில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார். நான்குக்கும் சொன்னேன். பேனாவைத் திறந்துகொண்டே அவர் சொன்னார்: "என்னை ஆறு மைல் மாட்டு வண்டில குலுக்கினதுக்கு உனக்கு மார்க்கு கொறச்சிருக்கணும்யா. நெருப்ப இழுத்ததுக்காக வுட்டுட்டேன். அடுத்த வருசம் பொட்டு வெக்கறதா இருந்தா சிம்னிக்கு வை, அது எதையும் பாக்க வேண்டியதில்ல!"

தண்டவாளத்தைக் கடைசியில் எடுக்கும் வரை நாலாம் நம்பரை ஐந்தரை வருடம் ஓட்டினேன். ஆனால் ஓட்டுகிற வேலைக்கான சர்டிபிகேட்டை எனக்கு வாங்கிக் கொடுத்தது, அதை ஒரு அங்குலம்கூட ஓட்டாமல் நின்ற ஒரு காலைதான்.